தட்டின் கடைசிப் பாட்டு

இசைத்தட்டில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று சத்தியம் செய்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஊசி நடுப்பகுதியை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் கிடைக்கும் வரிப்பள்ளத்தின் நீளம் குறைந்துகொண்டே போகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகமோ மாறுவதில்லை. அதே நேரத்து ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்க வேண்டியிருப்பதால் மேல்ஸ்தாயி ஒலிகள், குறிப்பாகப் பாடகரின் ‘ஸ்’, கரகரக்கும். பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டாகப் பார்த்துப் போடும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

1948-இல் எல்பி என்ற இந்த 33⅓ சுற்று நெடுநேரத் தட்டு வந்தபோது ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குலத் தட்டில் சுமார் 3 நிமிடம்தான். பாட்டு என்றாலே 3 நிமிடம் என்ற கணக்கு பெரும்பாலும் அங்கிருந்து வந்தது, வானொலி அதை இறுகப் பிடித்துக்கொண்டது. முன்னிசை முடியும்வரை அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார், முடிவதற்குள் விளம்பரம். அப்புறம், ஒலிபரப்பும்போது மெல்லிய ஒலியைத் தூக்கி, பலத்ததை அமுக்கிவிடுகிறார்கள். காரில் கேட்க வசதிதான். ஆனால் மெதுவாக ஆரம்பித்து மேலேறும் பாட்டு அதில் தட்டையாகிவிடும்.

கச்சேரி வேறு சமாச்சாரம். ஒலித்தரத்தைத் தேடி அங்கே போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். டிரம்ஸ் வாசிப்பவர் வேண்டுமென்றே ஒரு கணம் தாமதிக்க, பாஸ் கிதார்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாரே, அதைப் பார்க்கத்தான் போகிறேன். எனக்கு முன்னால் நிற்பவர் போனைக் கொஞ்சம் இறக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும்.