நாகைக்கு ஒரு லோடு

2004-இல் மதுரை கீழவெளி வீதிப் பக்கம் ஒரு லாரி செட்டில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். சரக்கை எடை போட்டு, எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது எழுதி, சிப்பத்தின் மேல் ஊர் பெயர் போட்டு ஏற்றி அனுப்புகிற வேலை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் லைன் என் பொறுப்பு. அந்த ஊர்க் கடைக்காரர்கள் பலரை முகம் பார்க்காமலே குரலை வைத்துத் தெரியும்.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, செட்டு லீவு. பத்து மணிக்கு மேல் டீக்கடைக்குப் போனால், "கடல் ஊருக்குள்ள வந்துருச்சாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுனாமி என்ற சொல்லே அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர், "தனுஷ்கோடி அழிஞ்சுச்சே, அது மாதிரியா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் 1964 டிசம்பர்தான் ஞாபகம் வரும். ஒரு பாசஞ்சர் ரயிலையே அலை கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அது புயல். புயலுக்குக் காற்றும் மழையும் முன்னால் வரும். இது வெயில் அடிக்கிற காலையில் வந்தது. சாயங்காலம் டிவியில் வேளாங்கண்ணியைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நாகப்பட்டினத்துக்கு ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் மணி அடிக்கவில்லை.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நாகை வந்து சேரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. இந்த விவரம் பிறகு பேப்பரில் படித்ததுதான். எங்கள் தொழிலில் லாரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே சேதி போய்விடும்; இத்தனை மணிக்கு வண்டி வரும், ஆளைத் தயாராக வை என்று போன் பண்ணிவிடுவோம். பசிபிக் கடலோர நாடுகளுக்கு அப்படிச் சொல்லுகிற ஏற்பாடு பல வருஷமாக இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் அதற்கென்று மையம் வந்தது 2007-இல். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நாகைக்கு நிவாரணம்னு எது வந்தாலும் வாடகை வாங்காத." செவ்வாய்க்கிழமைக்குள் குடோன் நிறைந்துவிட்டது. கீழமாசி வீதி மண்டிகளிலிருந்து அரிசியும் பருப்பும் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். லோடுமேன்கள் ஏற்றுக்கூலி வாங்க மாட்டோம் என்றார்கள். அன்றன்று கூலி வாங்கி அடுப்புப் பற்றவைக்கிற ஆட்கள் அவர்கள். மதுரையைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அந்த மூன்று நாளில் அது இன்னும் கூடியது.

அப்புறம் பழைய துணி வர ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு பீரோவைக் காலி பண்ணியது போல மூட்டை மூட்டையாக வந்தது. ஏற்றும்போது ஒரு மூட்டை வாய் பிரிந்து கொட்டிவிட்டது. பட்டன் இல்லாத சட்டைகள், ஜரிகை நைந்த ஒரு பட்டு ரவிக்கை, ஒற்றைச் சாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணை உறை. துவைக்காத வாடை வந்தது. நான் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே திணித்து, கோணி ஊசியால் தைத்து, மேலே "நாகப்பட்டினம், சுனாமி நிவாரணம்" என்று எழுதினேன். அதை எழுதியிருக்கக் கூடாது. தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். கொடுக்க வந்தவர் மனசு நோகுமே என்று விட்டுவிட்டேன்.

புது மண்டபத்துத் தையல்காரர் ஒருவர், வயசான பாய், சின்னக் கட்டு ஒன்றோடு வந்தார். புதிதாகத் தைத்த உள்பாவாடை, நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் நாடா கோத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"சேலை எல்லாரும் குடுப்பாங்க தம்பி. பாவாடை யாரு குடுப்பா? அது இல்லாம சேலைய எதுல சொருகுறது?"

கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் தங்கியிருக்கிற பொம்பளைகள் மாற்றுத் துணி இல்லாமல் ஈரத்தோடு இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ராத்திரி முழுக்க மிஷினில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். அத்தனை லோடில் எனக்கு எண்ணிக்கையோடு நினைவில் இருப்பது அந்தக் கட்டு ஒன்றுதான்.

லாரி 29 ராத்திரி கிளம்பியது. மறுநாள் அங்கே பாதி இறக்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி அலை வருகிறது என்று சேதி பரவி, ஊரே ஓடியிருக்கிறது. எங்கள் டிரைவர், கைப்பிள்ளையோடு நின்ற பெண்களையெல்லாம் மீதி மூட்டைகள் மேல் ஏற்றிக்கொண்டு திருவாரூர் வரை வந்துவிட்டார். அலை வரவில்லை. திரும்பி வந்தவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பழைய துணியெல்லாம் ரோட்டோரமா குமிஞ்சு கெடக்குதுண்ணே. யாரும் தொடல. படகும் வலையும் போயிருச்சு, அதுக்கு வழி பண்ணுங்கன்னுதான் கேக்குறாங்க." கடலுக்குப் போய்ச் சம்பாதித்து, பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்து உடுத்தியவர்கள் அவர்கள். அடுத்தவர் கழித்துப்போட்டதை ஏன் தொட வேண்டும்?

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நெல்பேட்டை மீன் மார்க்கெட் எங்கள் செட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்க இடம் இருக்காது. ஜனவரி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிணம் தின்ற மீன் என்று ஒரு பேச்சு கிளம்பி, யாரும் வாங்கவில்லை. ராமேசுவரத்து மீன் என்று கத்திச் சொல்லியும் விலை போகவில்லை. இலங்கை மறைவாக இருந்ததால் ராமேசுவரத்தில் பெரிய சேதம் இல்லை. கடலுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வாங்க ஆள் இல்லை. மீனவர்களுக்கென்று துணி கட்டிக் கொடுத்த தெருவிலேயே மீன் வாங்குவது நின்றுபோனது. எங்கள் வீட்டிலும் அதுதான். அம்மா நிவாரணத்துக்கு ஐந்து கிலோ அரிசி அளந்து கொடுத்தார். மீன் பேச்சை எடுத்தால், "குமட்டுதுடா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் தொண்டையில் இறங்கியிருக்காது.

பிப்ரவரியில் ஒருநாள் நெல்பேட்டை வழியாக வரும்போது, எப்போதும் நாங்கள் வாங்குகிற அக்கா கூப்பிட்டார். "என்னப்பா, எங்களையும் மறந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். முக்கால் கிலோ பாறை மீன் வாங்கினேன். விலை பேசவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கி, வழக்கத்தைவிட அதிகமாக மஞ்சள் போட்டு இரண்டு தடவை கழுவினார். குழம்பு கொதித்து இறங்கியது. எனக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம், "மீன் வாங்கலையா?" என்று அவரே கேட்டார்.