ஐஸ் தண்ணீரில் 1 கிலோமீட்டர்

ஐஸ் நீச்சல் என்றால் தண்ணீர் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே. நீச்சலுடை, கண்ணாடி, தொப்பி மட்டும்தான்; குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் கிடையாது. 2015-ல் ரஷ்யாவின் மூர்மன்ஸ்கில், உறைந்த ஏரியில் பனியை வெட்டி இந்தத் தூரத்துக்கு உலகப் போட்டியே நடந்தது.

பழகாத உடம்புக்கு இறங்கிய முதல் ஓரிரு நிமிடம்தான் கண்டம். குளிர் அதிர்ச்சியில் மூச்சு நம்மைக் கேட்காமலே உள்ளே இழுக்கும்; அப்போது முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். தலைகீழாகப் பாயவே வேண்டாம். மெதுவாக இறங்கி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, அது அடங்கிய பிறகே முகத்தை இறக்குங்கள்.

விரல்கள் விரிந்து விறைத்து, சேர்க்க முடியாமல் போனால் தசை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீம்பு பிடிக்காமல் கரையேறுங்கள்.

கரையேறிய பிறகும் சற்று நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். உடனே வெந்நீரில் குளித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். ஈரத்தைத் துடைத்து, முதலில் மேலுடம்புக்குக் கம்பளி, பிறகு கால்சட்டை, தொப்பி. நடுக்கம் வந்தால் வரட்டும், உடம்பு சூடேறுவதே அதனால்தான்.