ஒரு கைப்பிடி பருப்பு

போன ஆடியில் நடந்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூட்டை தூக்கும் ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரையையும் எடை மெஷினையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வயது 38. மெஷினில் ஏறி நின்றார், 40 கிலோ. அவர் மனைவி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். ஆறு மாதம் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, இருமும்போது வாயைத் துணியால் மூடணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும், நல்ல சத்தான சாப்பாடு கொடுக்கணும்.

முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் கேட்டார்: “நல்ல சாப்பாடுன்னா எவ்ளோக்கா?”

காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக எனக்கு இது பதினான்காவது வருடம். ஆயிரம் வீடுகளிலாவது ‘சத்தான சாப்பாடு’ என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் அப்போது என் பையிலேயே இருந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பயிற்சிக் கூட்டத்தில், காசநோயாளிகளின் வீடுகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்த ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் ஆங்கிலத்தில், திரையில் வரைபடம் வரைபடமாக ஓடியது. பக்கத்தில் இருந்த கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு திரையையும் போனில் படம் பிடித்தார். அவர் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பார்த்தாலும் வீட்டு வாசலில் நின்று சொல்கிற மாதிரி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுரையை அச்செடுத்து, அகராதியோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன்.

ஆய்வு ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில், 2019 முதல் 2022 வரை நடந்தது. மங்களூரு மருத்துவர் அனுராக் பார்கவாவும் நம் சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை ஏறியதால்தான் பிழைத்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எடை ஏறாதவரை நாம் உடனே கவனிக்கணும் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. சர்க்கரை இருக்கிறதா, குடிக்கிறாரா, மாத்திரை போட்டதும் வாந்தி வருகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

61 சதவீதத்தை அந்தத் திண்ணையில் சொல்லி என்ன பயன்? 40 கிலோவில் 5 சதவீதம் 2 கிலோ. அவருடைய சிகிச்சை அட்டையில் பென்சிலால் ‘ரெண்டு மாசம், 42’ என்று எழுதி வட்டம் போட்டேன். “இந்த நம்பருக்கு அவரைக் கொண்டு வரணும்மா, வரலைன்னா எனக்கு போன் பண்ணணும்” என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார்.

அடுத்த கேள்வியும் அவருடையதுதான். “எனக்கும் பசங்களுக்கும் ஒட்டாம இருக்க?” அதற்கும் அதே ஆய்வில் பதில் உண்டு. நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேரைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவு. இன்னொரு பிரிவில் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, அதோடு சத்து மாத்திரை. இப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேச வேண்டிய விஷயம் இது. ஆனால் இங்கே மருந்து பருப்பு!

மாதம் ஒன்றரை கிலோ என்றால் நாளைக்கு 50 கிராம். என் வீட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் கைக்கு நன்றாக அள்ளின ஒரு கைப்பிடி. அப்புறம் கணக்குப் போட்டேன். அந்த வீட்டில் அவரைத் தவிர நான்கு பேர். மனைவி, மாமியார், உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். மாதம் 6 கிலோ பருப்பு வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாக வருகிறது, அதற்குக் குறைவில்லை. துவரம் பருப்பு அட்டைக்கு 1 கிலோ. குறைகிற இடம் இதுதான். அரசு தரும் உதவித்தொகையை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் அது நோயாளிக்கான கணக்கு. மற்ற நான்கு வயிற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் காணாது.

இது தெரிந்த பிறகு நான் கேட்பது மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் உதவி செய்கிற கடைக்காரர்கள் முன்பெல்லாம் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கித் தருவார்கள். இப்போது அவர்களிடம் நேராகச் சொல்கிறேன்: “அண்ணே, ஆப்பிள் வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாசம் 5 கிலோ பருப்பு, ஆறு மாசம்.” ஏன் என்று கேட்டால் ஆய்வைச் சொல்கிறேன். மளிகைக் கடைக்காரருக்குக் கிலோக் கணக்கு எனக்கு மேலேயே புரிகிறது. மூன்று வீட்டை ஏற்றுக்கொண்டார் ஒருவர்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. சேத்துப்பட்டு நிறுவனம் 1956-ல் சென்னை காசநோய் சிகிச்சை மையமாகத் தொடங்கியபோது, 193 நோயாளிகளை வைத்து வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைப்பதும் ஒன்றா என்று பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் ஏழைச் சாப்பாடு சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க நோயாளிகளைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிய ஆய்வு அது. என் வேலையே அதனால் வந்ததுதான். ஆனால் ‘மாத்திரை போதும், சாப்பாடு அப்புறம்’ என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அதைத் திருத்தும் ஆய்வும் அதே நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறது. வந்தது வீடு வரைக்கும் போய்ச் சேர வேண்டாமா?

அதனால் அரைத்தாளில் மூன்று வரி எழுதி நகல் எடுத்தேன். இப்போதைய எடை, ரெண்டு மாதத்தில் வர வேண்டிய எடை, வீட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடி பருப்பு. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற பெண்களுக்கும் கொடுத்தேன். ஒருவர் படித்துவிட்டு, “பிள்ளைங்களுக்கும் ஒரு கைப்பிடியா? அது பிள்ளை கையா, உங்க கையா?” என்று கேட்டார். சரியான கேள்வி. ஆய்வில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிதான். அடுத்த நகலில் அதையும் சேர்த்தேன்.

புரட்டாசி கடைசியில் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். காலண்டர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் நான்கு எண்கள் இருந்தன. ரேஷன் கடைத் தராசில் அவரை நிற்க வைத்து அந்த அம்மாவே குறித்தது. 40, 40.4, 41.1, 42.3. கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகளின் எடையும் இருந்தது.