தொங்கலில் முறுக்கிய புஷ்

"ரப்பர்காரன் பண்ண தப்புக்கு நீ எதுக்குப்பா நஷ்டப்படணும்?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்காரர் பணத்தை நீட்டினார். கூலி வேண்டாம் சார் என்றேன். மாட்டிய புஷ்ஷுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டேன். புஷ் என்பது மூட்டில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம். அந்தக் காசுதான் இன்னும் உறுத்துகிறது.

வண்டி மார்க் 2 அம்பாசடர். கண்ணாடி பீடிங்கிலிருந்து பிரேக் ஹோஸ் வரை ரப்பர் என்று இருந்த எல்லாவற்றையும் மாற்றியிருந்தோம். நாலே மாதத்தில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் முன்னால் டொக்கென்று சத்தம். பிரித்தால், முன்சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் உள்முனைப் புஷ் கிழிந்து கிடந்தது. "இப்ப வர்ற ரப்பரே மட்டம் சார்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வண்டி திரும்பி வந்தால் நாங்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது.

முழுப் பொய்யும் இல்லை. உத்தர்பாரா ஆலையில் 2014ல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோன பிறகு, சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் புஷ்ஷில் பாதி யார் வார்த்தது என்றே தெரியாது. கையில் தேய்த்தால் கரி ஒட்டும். நகத்தால் அழுத்தினால் சில அமுங்கவே அமுங்காது. இந்த மாதிரிப் புஷ், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60, 70க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு மேலே போனால் ரப்பர் வளைந்து கொடுக்காமல் அதிர்வை அப்படியே சேஸிஸுக்குக் கடத்தும். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஆசைப்பட்டு வாங்கினாலும் ஆபத்துதான். அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது.

ஆனால் கிழிசல் வேறு கதை சொன்னது. வெயிலும் ஓசோனும் தின்ற ரப்பரில் வெளிப்பரப்பு முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடும். எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, ஓரம் காளான் போலப் பிதுங்கும். இதில் இரண்டும் இல்லை. ரப்பர் கறுப்பாக, உயிரோடுதான் இருந்தது. உள் ஓரத்தைச் சுற்றி, முறுக்கிய துணி கிழிவதுபோல் சாய்வாக ஒரே கிழிசல்.

இந்தப் புஷ் பேரிங் மாதிரி சுழல்வதில்லை. நட்டை இறுக்கியதும் ரப்பர் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பரே முறுகி விரியும். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடமே ரப்பர் முறுகி நிற்கும். சும்மா நிறுத்தியிருந்தாலும் முறுக்கு விடாது. பள்ளத்தில் விழும்போது அதற்கு மேலும் முறுகும். அந்தப் பக்கம் முன்புறம் கொஞ்சம் தூக்கலாகவும் நிற்கும், ரப்பர் இன்னொரு ஸ்பிரிங் போல வேலை செய்வதால். அதைப் பார்த்து, ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியைத் திருப்பி உயரம் சரிசெய்பவர்களும் உண்டு. அது இன்னொரு கெடுதல்.

முதல் முறை ஜாக்கியிலேயே இறுக்கியது பட்டறைப் பையன். "முடிச்சு வச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனது நான். "தரையில இறக்கிட்டு இறுக்கணுமா அண்ணே?" என்று அவன் கேட்கவில்லை, கேட்கும் அளவுக்கு நானும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இரண்டாம் முறை நானே செய்தேன். பழைய ரப்பரைச் சுரண்டி, பின்னில் இருந்த துருவை எமரியால் எடுத்தேன். கிரீஸ் தடவவில்லை. இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் எதுவும் ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும், இல்லையென்றால் விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் என்றால் பையன்கள் சிரிப்பார்கள். பிரேக் ரப்பருக்குப் போடும் சிவப்பு கிரீஸே விளக்கெண்ணெயில் செய்வதுதான். நட்டை ரப்பர் தொடும் அளவுக்கு மட்டும் விட்டு, சக்கரம் மாட்டி வண்டியை இறக்கினேன். வழக்கமான எடையில் நிற்க டேங்கில் பெட்ரோல், டிக்கியில் ஸ்டெப்னி. முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டினேன். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்புறம்தான் கீழே படுத்து, அளவாக இறுக்க டார்க் ரெஞ்ச், கடைசியாக நட் கழலாமலிருக்க ஸ்பிளிட் பின்.

வேலை நேரம் அரை மணிகூடக் கூடவில்லை. இடம்தான் கஷ்டம்: தரையில் நிற்கும் அம்பாசடருக்கு அடியில் ரெஞ்சின் கைப்பிடி திரும்பாது. குழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாலு சக்கரத்தையும் பலகை அடுக்கில் ஏற்ற வேண்டும். ஜாக்கியிலேயே இறுக்கிவிடும் ஆசை அங்கேதான் வருகிறது.

வண்டிக்காரரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பையன் பேர் கெடும் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டிருக்கப்போவது என் பேர்தான். ரப்பர் மட்டம் என்பதில் நியாயமே இல்லையா என்று இன்றும் சில நாள் தோன்றும். நல்ல ரப்பராக இருந்தால் அந்த முறுக்கிலும் ஒரு வருடம் தாங்கியிருக்கும்.

இரண்டாம் முறை போட்டது அதே பாக்கெட்டில் மீதியிருந்த ஜோடியைத்தான். மூன்று வருடமாகச் சத்தமில்லை. "இந்த ரப்பர் பரவாயில்லையேப்பா, எங்க பிடிச்ச?" என்று போன முறை சர்வீஸுக்கு வந்தபோது கேட்டார். கடைப் பேரைச் சொன்னேன்.