பல்பு கரண்ட்டை சாப்பிடுறது இல்ல

பேட்டரியோட பிளஸ்ல இருந்து கரண்ட் கிளம்புது, பல்பு அதுல கொஞ்சத்த எடுத்துக்குது, மிச்சம் மீதி மைனஸுக்கு திரும்பிப் போகுது. இப்படித்தான் நிறைய பேரு நினைச்சிட்டு இருக்காங்க. இந்த ஒண்ணு தெளிவாயிட்டாலே சர்க்யூட்ல இருக்கிற பாதி குழப்பம் தானா போயிடும்.

பல்புக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுதோ அவ்வளவும் அந்தப் பக்கம் அப்படியே வெளிய வருது. அப்போ வெளிச்சம் எதுல இருந்து வருது? செலவாகுறது எனர்ஜி. சைக்கிள் செயின் மாதிரி, மிதிக்கிறப்ப செயின் எங்கயும் குறைஞ்சு போறதில்ல, சுத்திட்டே தான் இருக்கு, ஆனா கால்ல இருக்கிற பலம் பின் வீலுக்கு போய்ச் சேர்ந்துடுது. ஸ்விட்ச் போட்ட உடனே லைட் எரியறதுக்கும் இதுதான் காரணம். கம்பிக்குள்ள எலக்ட்ரான்கள் ஏற்கனவே நிறைஞ்சு கிடக்கு. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பில 1 ஆம்பியர் போனா கூட அதுங்க நகர்ற வேகம் ஒரு செகண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் கூட இல்ல, அவ்வளவு மெதுவு, ஆனா தள்ளு மட்டும் கிட்டத்தட்ட ஒளி வேகத்துல போய்ச் சேர்ந்துடும்.

வோல்டேஜ்னா 1 கூலும் (இது சார்ஜ அளக்குற அலகு) சார்ஜுக்கு எவ்வளவு ஜூல் எனர்ஜி கிடைக்குதுங்கிற கணக்கு, அவ்வளவுதான். 9 வோல்ட் பேட்டரி ஒவ்வொரு கூலும்க்கும் 9 ஜூல் கொடுக்குது, வழியில இருக்கிற பார்ட்ஸ் எல்லாம் அந்த 9-ஐ பங்கு போட்டுக்குது, ஒரு சுத்து முடியறப்ப மிச்சம் எதுவும் இருக்காது. ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் 1845-ல சொன்ன ரெண்டு விதியும் இதேதான்: சந்திப்புல உள்ள வர்ற கரண்ட்டும் வெளிய போற கரண்ட்டும் சமம், ஒரு சுத்துல பேட்டரி கொடுக்குற வோல்டேஜும் பார்ட்ஸ் எடுத்துக்குற வோல்டேஜும் சமம்.

இப்போ அதே 9 வோல்ட் பேட்டரில ஒரு சிவப்பு எல்இடி லைட்ட போடுறதா வச்சுக்கோங்க. அது சுமார் 2 வோல்ட்டு எடுத்துக்கும், அதுக்கு மேல வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் தாறுமாறா ஏறி எரிஞ்சு போயிடும், அதனால மிச்ச 7 வோல்ட்ட வாங்கிக்க கரண்ட்ட மட்டுப்படுத்துற ஒரு ரெசிஸ்டர் வேணும். 10 மில்லிஆம்பியர் போதும்னு வச்சுக்கிட்டா ஓம் விதிப்படி (வோல்டேஜ கரண்ட்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ்) 7-ஐ 0.01 ஆல வகுத்தா 700 ஓம், கடைல 680 கிடைக்கும், அது மேல இருக்கிற கலர் கோடு நீலம் சாம்பல் பிரவுன், அது போதும். அந்த ரெசிஸ்டர எல்இடிக்கு முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமான்னு கேட்டுட்டே இருப்பாங்க. எங்க வேணா போடலாம்! ஒரே பாதைதானே, எல்லா இடத்துலயும் அதே 10 மில்லிஆம்பியர்தான் ஓடும், "முன்னாடி போட்டா தான் கரண்ட்ட தடுக்கும்"ங்கிற நினைப்பே பல்பு கரண்ட்ட சாப்பிடுதுங்கிற அந்த பழைய எண்ணத்துல இருந்து வர்றது தான்.

கெபாசிட்டர், அதாவது நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு தகடு வச்ச பார்ட், இன்னும் அழகு. அது சார்ஜ சேமிக்குதுன்னு சொல்லுவோம், ஆனா ஒரு தகட்டுல ஏறுற அளவு இன்னொரு தகட்டுல இருந்து இறங்கிடும், மொத்தமா பாத்தா பூஜ்யம்தான், சேருறது நடுவுல இருக்கிற மின்புலத்துல எனர்ஜி. அந்த எனர்ஜி சப்ளைய எடுத்த பிறகும் உள்ளயே இருக்கும், அதனால பவர் சப்ளை பெட்டிய பிளக் கழட்டின உடனே திறந்து கை வைக்காதீங்க, பெரிய கெபாசிட்டர் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை வரலைன்னா மல்டிமீட்டர எடுத்து அந்த எல்இடிக்கு ரெண்டு பக்கமும் கரண்ட் அளந்து பாருங்க. ஒயர பிரிச்சு நடுவுல மீட்டர போடணும், பேட்டரியோட ரெண்டு முனைல நேரா வைக்கக் கூடாது, வச்சா உள்ள இருக்கிற ஃபியூஸ் போயிடலாம்.