அன்று நீங்கள் எந்தப் பக்கம்?

நேற்று சாயங்காலம் எம்.எல்.ஏ. எங்கள் தெருவுக்கு வாக்கு கேட்டு வந்தார். ஆரத்தி, பட்டாசு எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன். “அண்ணே, 12 மணி நேர வேலை மசோதாவுக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா?”

“அதான் வாபஸ் வாங்கியாச்சே தம்பி” என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வாபஸ் வாங்கியது எனக்கும் தெரியும். தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 8 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரமாக்க வழிவிடும் அந்த மசோதா, 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அப்போது ஆட்சியில் இருந்த தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்ததால் நடந்தது அது. நம் எம்.எல்.ஏ. அவையில் எழுந்து பேசியதால் அல்ல.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எனக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட். காலை நாலே முக்காலுக்கு ராயக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன். திரும்பி வரும்போது பின் சீட்டில் சின்னப் பையன்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவார்கள். இதில் இன்னும் நாலு மணி நேரம் சேர்ந்தால்? அந்தப் பையன்களின் வாக்கும் வாங்கித்தானே அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்!

குரல் வாக்கெடுப்பில் யார் ‘ஆம்’ சொன்னார் என்று பெயர் பதிவாகாது. கட்சி சொல்கிறபடிதான் வாக்களிக்க வேண்டும் என்று கொறடா உத்தரவு இருக்கும், சரி. அப்படியானால் அதையாவது வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் அவருக்குக் கூட்டம் இருக்கிறது. போய் இதையே மறுபடியும் கேட்கப்போகிறேன். ஷிஃப்ட் இல்லாதவர்கள் என்கூட வாங்க.