சட்டம் எழுதப் பழகியதும், அந்தப் பாடத்துக்குக் கருத்து எழுதிக் கொடுத்ததும்

சட்ட எழுத்துப் பாடத்தின் இரண்டாவது ஒப்படை திருத்திக் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸில் ஏறி இருந்தவுடனேயே பிரித்துப் பார்த்தேன். ஆறு பக்கம் எழுதியிருந்தேன். 42 புள்ளி. மூன்றாம் பக்கத்து ஓரத்தில் சிவப்புப் பேனையால் "தெளிவில்லை" என்று ஒரு சொல். வேறு ஒன்றும் இல்லை. கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி தாண்டி, களுவாஞ்சிக்குடியில் இறங்கும் வரைக்கும் அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பி வாசித்தேன். எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. இனிமேல் சட்டம் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு அவ்வளவு காலம் போகக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். சட்ட எழுத்து என்ற பாடத்தில் எங்களுக்கு மூன்று ஒப்படைகள் இருந்தன. முதலாவது ஒரு தீர்ப்பை வாசித்து வழக்குச் சுருக்கம் எழுதுவது. இரண்டாவது ஒரு பிரச்சினையைத் தந்து சட்ட அபிப்பிராயம் கேட்பது. மூன்றாவது வழக்குரை, அதாவது வழக்கைத் தொடங்கக் கொடுக்கும் ஆவணம் வரைவது, கோட்டில் எல்லோரும் பிளேன்ட் என்று சொல்வது அதைத்தான். வார இறுதி வகுப்பு முடிந்து நாங்கள் நாலு பேர் கல்லடியில் ஓர் அக்காவின் வீட்டு விறாந்தையில் கூடிப் படிப்போம். அந்த அக்கா, அக்கரைப்பற்றிலிருந்து வரும் ஒரு நானா, கொக்கட்டிச்சோலைத் தம்பி ஒருவர், நான்.

இரண்டாவது ஒப்படையின் கதை இதுதான். ஆரையம்பதியில் ஒரு மூதாட்டி தன் வளவை அயலவருக்கு விற்கிறார். ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டு, முழுப் பணமும் கைமாறிவிட்டது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகவில்லை. அயலவர் வேலி அடைத்து 4 வருடம் இருக்கிறார். மூதாட்டி இறந்தபின் மகன் வந்து வளவைத் திருப்பிக் கேட்கிறார். அயலவருக்கு என்ன அபிப்பிராயம் சொல்வீர்கள்?

நான் எழுதிய ஆறு பக்கத்தில் நாலு பக்கம் இந்தக் கதைதான். முதலில் பணம் கொடுத்தது, பிறகு வேலி அடைத்தது, பிறகு மகன் வந்தது. கல்லடி அக்கா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "எங்கட அம்மம்மா காணிச் சண்டை சொல்றமாதிரி இருக்கு, மறுகா, மறுகா எண்டு போகுது" என்றார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் வெளித்தது. கதை கேட்கிறவருக்கு மறுகா, அதாவது பிறகு, என்ன நடந்தது என்பது முக்கியம். அபிப்பிராயம் கேட்கிறவருக்கு அது தெரியும், அவரே அங்கே இருந்தவர். அவர் கேட்பது, இந்த வளவு என்னுடையதா இல்லையா என்பதை.

பிரச்சினை, சட்டவிதி, பிரயோகம், முடிவு என்ற ஒழுங்கை எல்லா விரிவுரையாளர்களும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஐராக் என்று பெயரும் சொல்வார்கள். பெயர் தெரிந்தால் போதாது. என் தாளில் பிரச்சினை என்ற தலைப்பின் கீழ் "அயலவருக்கு உரிமை உண்டா" என்று இருந்தது. எந்த உரிமை, எந்தச் சட்டத்தின் கீழ் என்று இல்லை. அது இப்படி இருந்திருக்க வேண்டும்: நொத்தாரிசு முன் எழுதப்படாத தாள் ஒன்றால் காணி உரிமை கைமாறுமா?

கேள்வியை இப்படிக் குறுக்கினால் சட்டவிதி தானாக வந்து நிற்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2 ஆம் பிரிவு. காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், விற்பவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஒப்பமிட வேண்டும், அதுவும் ஒரு நொத்தாரிசும் ஆகக் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கும்போது. இல்லாவிட்டால் அந்தத் தாளுக்குச் சட்டத்தில் வலு இல்லை. இனி ஒவ்வொரு நிபந்தனையையும் கதையில் தொட்டுக் காட்டுவதுதான் பிரயோகம். எழுத்து உண்டு. ஒப்பம் உண்டு. சாட்சி உண்டு. நொத்தாரிசு இல்லை. ஆகவே அந்தத் தாளால் வளவு கைமாறவில்லை.

எங்கள் வகுப்பில் பலர் இந்த இடத்தில், 10 வருடம் தன் காணிபோல் ஆண்டால் உரிமை கிடைக்கும் என்ற விதிக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு தெரியும் என்று காட்டும் ஆசை. ஆனால் கதையில் இருப்பது 4 வருடம். ஒரே வசனத்தில் "10 வருடம் நிறையவில்லை, ஆகவே அந்த வழியும் இல்லை" என்று எழுதி விட்டுவிட வேண்டியதை நான் ஒன்றரைப் பக்கம் விரித்திருந்தேன். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்பது தனிப் பிரச்சினை, அதற்குத் தனித் தலைப்பு வேண்டும். அயலவருக்கு உண்மையில் உதவக்கூடிய பகுதி அதுதான். அதை நான் தொடவே இல்லை.

வழக்குச் சுருக்கத்தில் எனக்கு நடந்த பிழை இன்னும் பெரியது. கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர் வழக்கைத் தந்திருந்தார்கள். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். சிங்களத் தேர்ச்சி நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று 1962 இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், ஓர் இனத்துக்குப் பாரபட்சமான சட்டத்தைத் தடுத்த அன்றைய அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரண் என்று வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி அதை மாற்றியது. 1969 இல், அந்நாளில் எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம், போட முடியும் என்றது. நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் திரட்டின் 72 ஆம் தொகுதியில் 337 ஆம் பக்கத்தில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

நான் சுருக்கத்தின் கடைசி வசனமாக "இவ்வாறு மொழி உரிமை நிலைநாட்டப்பட்டது" என்று எழுதினேன். அப்படி நடக்கவில்லை. கோமறைக் கழகம் தீர்த்தது சம்பளத்துக்கு வழக்குப் போடலாமா என்ற கேள்வியை மட்டும். மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. எனக்கு அந்த வழக்கு மனதுக்கு நெருக்கமானது, அதனால் நடக்க வேண்டும் என்று விரும்பியதை நடந்ததாக எழுதிவிட்டேன். தீர்ப்பு எதைத் தீர்மானித்தது, எதைத் தீர்மானிக்காமல் விட்டது என்று இரண்டு வரி தனியாக எழுதிப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. இப்போது எந்த வழக்கை வாசித்தாலும் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் எழுதுகிறேன். மனதுக்கு நெருக்கமான வழக்கென்றால் இரண்டு தரம் சரிபார்க்கிறேன்.

மொழி பற்றி ஒரு சொல். நாங்கள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. எங்கள் மாகாணத்து நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது, இன்றைய அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. அதனால் நல்ல தமிழில் சட்டம் எழுதத் தெரிவது எங்களுக்கு அவசியமான தொழில் திறமை. ஆனால் பழைய காணி உறுதிகளில் பார்த்த "மேற்படி", "இத்தால்" எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் சட்டத் தமிழ் ஆகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். என் தாளில் இப்படி ஒரு வசனம் இருந்தது: "பணம் கொடுக்கப்பட்டு வளவு ஒப்படைக்கப்பட்டு வேலி அடைக்கப்பட்டு நான்கு வருடங்களாக அனுபவிக்கப்பட்டு வந்த நிலையில் உரிமை கோரப்பட்டுள்ளது." யார் கொடுத்தார், யார் அடைத்தார், யார் கோரினார்? ஒருவரும் இல்லை. கோட்டில் யார் செய்தார் என்பதில்தான் வழக்கே நிற்கும். "அயலவர் பணம் கொடுத்தார். மூதாட்டி வளவை ஒப்படைத்தார். அயலவர் வேலி அடைத்து 4 வருடம் இருந்தார். இப்போது மகன் வளவைக் கேட்கிறார்." நாலு வசனம், நாலு எழுவாய். "தெளிவில்லை" என்று எழுதப்பட்டிருந்தது சரியாக அந்த வசனத்துக்குப் பக்கத்தில்தான். அதை நான் கண்டுபிடித்தபோது மூன்றாவது ஒப்படையையும் கொடுத்து முடித்திருந்தேன்.

சரி, இனிக் கருத்துப் படிவத்துக்கு வருகிறேன். பாடநெறியின் கடைசி நாளில் ஒரு தாள் தருவார்கள். 1 முதல் 5 வரை வட்டம் போட வேண்டும், கீழே இரண்டு வரி எழுத ஒரு பெட்டி. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் 4 இல் வட்டம் போட்டோம். பெட்டிக்குள் நான் எழுதியது: "நல்ல பாடம். இன்னும் தெளிவாக நடத்தலாம்."

அந்த இரவு அது என்னை உறுத்தியது. எனக்கு விரிவுரையாளர் எழுதிய அதே சொல்லை நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எந்த வகுப்பு, எந்த வாரம், எது விளங்கவில்லை, என்ன செய்திருக்கலாம், ஒன்றும் இல்லை. அவர் அதை வைத்து என்ன செய்வார்?

வழக்குரை எழுதப் படித்தபோது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40 ஆம் பிரிவை வாசித்திருந்தோம். 1889 ஆம் ஆண்டுச் சட்டம். வழக்குக்குக் காரணமான சம்பவங்களை எளிமையாகவும் சுருக்கமாகவும் சொல்ல வேண்டும், அது எங்கே எப்போது எழுந்தது என்று சொல்ல வேண்டும், பந்திகளுக்கு இலக்கமிட வேண்டும், கேட்கும் பரிகாரத்தை, அதாவது மன்றிடம் என்ன வேண்டுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. கருத்தையும் இப்படியே எழுதினால் என்ன என்று கொக்கட்டிச்சோலைத் தம்பிதான் கேட்டார். நாங்கள் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினோம்.

இரண்டாவது ஒப்படையை 6 ஆம் வாரம் கொடுத்தோம், 12 ஆம் வாரம் திரும்பி வந்தது. மூன்றாவது ஒப்படையின் கடைசித் திகதி 11 ஆம் வாரம். எங்கள் நாலு தாள்களில் மூன்றில் புள்ளியும் ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன. இரண்டாவதில் விட்ட பிழைகளை மூன்றாவதிலும் விட்டிருக்கிறோம், அந்த இடங்களை அடையாளமிட்டுப் பிரதிகளை இணைத்திருக்கிறோம். இவ்வளவுதான் சம்பவம். இந்தப் பக்கத்தில் ஒருவருடைய குணத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

பரிகாரம் எழுதும்போது நானாவின் புத்திதான் உதவியது. அவர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். "ஒரு கட்டுத் தாள் திருத்திப் பார்த்தாத்தான் தெரியும் தங்கச்சி, எல்லாத் தாளிலயும் பக்கம் பக்கமா எழுதச் சொல்லிக் கேட்காதீங்க, அது நடக்காது" என்றார். ஆகவே மூன்று விடயம் மட்டும் கேட்டோம். பிரச்சினை, சட்டவிதி, பிரயோகம், மேற்கோள் என்று தனித்தனியாகப் புள்ளி காட்டும் ஒரு சிறு அட்டவணை. மூன்றாவது ஒப்படைக்கு முன் ஒரு மணித்தியாலம், பெயர் மறைத்த இரண்டு தாள்களை வகுப்பில் வைத்துப் பேசுவது. ஒரு பந்தியை மட்டும் திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம். புள்ளியைக் கூட்டித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மற்றது எல்லாம் அதற்கான சாக்காகத் தெரியும்.

நல்லதையும் எழுதினோம், அதுவும் குறிப்பாக. "கொடுக்கலாம்" என்ற சொல்லுக்கும் "கொடுக்க வேண்டும்" என்ற சொல்லுக்கும் ஒரு சட்டப் பிரிவில் எவ்வளவு தூரம் என்று இரண்டாம் வாரத்தில் ஒரு முழு வகுப்பு நடந்தது. நான் சட்டத்தை வாசிக்கும் விதமே அந்த வகுப்பால் மாறியது. அதை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம் என்று எழுதினோம். எது உதவியது என்று மாணவர் சொல்லாவிட்டால், நேரம் போதாமல் போகும்போது அதையே வெட்டிவிடுவார்கள்.

பயம் இருந்தது. பெயர் போட்டால் புள்ளியில் கை வைப்பார்களோ என்று அக்கா கேட்டார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்புப் பிரதிநிதி ஊடாக, குழுவாகக் கொடுத்தோம். இரண்டு கிழமைக்குப் பிறகு விரிவுரையாளர் பிரதிநிதியைக் கூப்பிட்டு, திகதிகள் இப்படி விழுந்தது தனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அடுத்து வந்த மாணவர் பிரிவுக்கு அட்டவணை வந்தது, ஒரு மணித்தியால வகுப்பும் வந்தது. பந்தியைத் திருத்தி எழுதும் சந்தர்ப்பம் வரவில்லை. தாள்கள் இன்னும் பிந்தித்தான் வருகின்றன.

ஆகவே தாளை நம்பி மட்டும் இருக்க முடியாது. ஒப்படை கொடுக்கும்போதே மேல் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "நான் எழுதிய பிரச்சினை போதிய அளவு குறுகியதா?" என்பது போல. திருத்துகிறவர் ஒரு சொல்தான் எழுதுவார் என்றால் அந்தச் சொல் உங்கள் கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். நண்பர்களுடன் தாளை மாற்றி வாசியுங்கள், ஆனால் "நல்லா இருக்கு" என்று சொல்லத் தடை. எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். நேரம் கிடைத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் திறந்த மன்றில் போய் ஒரு காலை இருங்கள். காணி வழக்கொன்றில் சட்டத்தரணி ஒருவர் எழுந்து முதல் வசனத்தில் என்ன சொல்கிறார் என்று கவனித்தால் பிரச்சினையைக் குறுக்குவது எப்படி என்று விளங்கும்.

கருத்து எழுதுவதென்றால் கடைசி நாள் படிவம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கடைசி நாளில் எழுதுவது அடுத்த பிரிவுக்குத்தான் உதவும், உங்களுக்கு உதவாது. இரண்டாவது ஒப்படை பிந்துகிறது என்று தெரிந்த வாரத்திலேயே, திகதியும் வாரமும் போட்டு, ஒரே பக்கத்தில், இலக்கமிட்ட பந்திகளில் எழுதி, பிரதிநிதியிடம் கொடுங்கள். ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள்.